நாய் ஓயாமல் பாதத்தை நக்குதா? வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

[காட்சி: இருட்டு அறை. நாய் முன்னங்காலை நக்கும் சத்தம் மட்டும்.]

ராத்திரி விளக்கை அணைச்சதும் இந்தச் சத்தம் ஆரம்பிக்கும். அதட்டினா ஒரு நிமிஷம் நிக்கும். நாம திரும்பிப் படுத்ததும் மறுபடி தொடங்கும். காலையில பார்த்தா விரலிடுக்கு சிவந்து, முடியெல்லாம் ஈரமா ஒட்டிக் கிடக்கும்.

[காட்சி: வெள்ளை நாயின் பாதம், மிக அருகில். விரல்களுக்கு நடுவே துருப்பிடித்தது போன்ற நிறம்.]

வெளிர் நிற நாய்களுக்குப் பாதத்துல இப்படித் துரு நிறம் ஏறியிருக்கும். ரத்தம்னு நினைச்சுப் பதற வேண்டாம். எச்சில்ல போர்ஃபிரின்னு ஒரு நிறமி இருக்கு. அது முடியில ஊறி ஊறி இந்த நிறம் வருது. ஆனா ஒரு நாள்ல இப்படி ஆகாது. இந்த நிறம் தெரிஞ்சா, நாய் வாரக்கணக்கா நக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

அலர்ஜி இருக்கிற நாய்க்குப் பாதம் அரிக்குது, அதனால நக்குது. நக்கினா ஈரம். விரலிடுக்குல காத்து புகாது, அதனால ஈரம் காயாது. தோல்ல எப்பவும் கொஞ்சமா குடியிருக்கிற மலசீசியாங்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும், ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் அந்த ஈரத்துல பெருகும். பெருகினா அரிப்பு இன்னும் ஏறும், நாய் இன்னும் நக்கும். அலர்ஜியை வீட்டுல வெச்சு முழுசா தீர்க்க முடியாது. ஆனா இந்த ஈரத்தை உடைக்கிறது நம்ம கையில இருக்கு. இனிமே சொல்லப்போறதுல பாதிக்கு மேல அதுதான்.

[காட்சி: நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் கை.]

எதையும் தடவறதுக்கு முன்னாடி எந்தப் பாதம்னு பாருங்க. ஒரே ஒரு பாதத்தை மட்டும் நக்கினா அலர்ஜியா இருக்க வாய்ப்பு குறைவு. முள், புல்லோட கூரான விதை, பிளந்த நகம், மூட்டு வலி, கட்டி, இப்படி ஏதாவது இருக்கலாம். நல்ல வெளிச்சத்துல விரல்களை விரிச்சு, மேல் பக்கம், அடிப்பக்கம், நகக்கண்ணு எல்லாத்தையும் பாருங்க. அடிப்பக்கத்துல பெரிய மெத்தைக்கும் விரல் மெத்தைகளுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். பலரும் பார்க்காம விடுறது அந்த இடம்தான்.

ரெண்டு முன்னங்காலும், இல்ல நாலு காலும் சேர்ந்து சிவந்திருந்து, காது, அக்குள், வயிறும் அரிக்குதுன்னா அது அலர்ஜி பக்கம் போகுது. தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை வித்து மாதிரி சுற்றுப்புறத்துல இருக்கிறதால வர்ற அடோப்பிங்கிற அலர்ஜி பெரும்பாலும் 6 மாசத்துலேர்ந்து 3 வயசுக்குள்ள தலைகாட்டும். ஏழெட்டு வயசு வரைக்கும் ஒண்ணும் இல்லாம இருந்த நாய்க்குத் திடீர்னு அரிப்பு வந்தா, அலர்ஜின்னு நாமளே பேர் வெச்சிடாம டாக்டர்கிட்ட காட்டணும்.

வாலோட அடிப்பகுதியும் முதுகோட பின்பாதியும்தான் அதிகமா அரிக்குதா? தெள்ளுப்பூச்சி மேல சந்தேகப்படுங்க. பூச்சி கண்ணுல படலைங்கறதால இல்லைன்னு ஆயிடாது.

[காட்சி: ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பர் மேல் நாயைச் சீவுதல். கரும்புள்ளிகள் விழுகின்றன.]

நாயை ஈரமான வெள்ளை டிஷ்யூ மேல நிக்க வெச்சு, நெருக்கமான பல் உள்ள சீப்பால வால் பக்கம் சீவுங்க. மிளகுத்தூள் மாதிரி கருப்பா விழும். சாதா மண்ணா இருந்தா ஈரத்துல அப்படியே இருக்கும். தெள்ளோட கழிவா இருந்தா அரை நிமிஷத்துல சுத்தி செம்பழுப்பு வளையம் படரும். அது செரிச்ச ரத்தம். இதைப் பார்த்துட்டா பாதத்துல எதைத் தடவினாலும் பயன் இருக்காது. வீட்டுல இருக்கிற எல்லா நாய், பூனைக்கும் ஒரே சமயத்துல மருந்து போட்டு, குறைஞ்சது 3 மாசம் விடாம தொடரணும். கூட்டுப்புழுவா கூட்டுக்குள்ள இருக்கிற தெள்ளு மாசக்கணக்கா காத்திருந்து வெளிய வரும். ஒரு எச்சரிக்கை: நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தா, தெள்ளு மாத்திரை வாங்கும்போதே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டும்.

இன்னொரு சின்ன சோதனை. காது மடலோட விளிம்பை ரெண்டு விரலால லேசா தேய்ங்க. அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானா சொறியிற மாதிரி ஆடினா, காது விளிம்பும் முழங்கை முனையும் பொருக்குத் தட்டியிருந்தா, சொறிப் பூச்சியா இருக்கலாம். அது மனுஷங்களுக்கும் ஒட்டும். வீட்டு வைத்தியத்துல நாள் கடத்தாதீங்க.

[காட்சி: ஆழமில்லாத தொட்டி, இரண்டு மெல்லிய பருத்தித் துணிகள், கத்தரி.]

இப்போ கழுவுற விஷயத்துக்கு வருவோம். மெத்தைகளுக்கு நடுவுல முடி நீளமா வளர்ந்திருந்தா முதல்ல அதை மெத்தையோட மட்டத்துக்கு வெட்டுங்க. முனை மழுங்கின கத்தரியா இருக்கட்டும், உள்ளே நுழைச்சு வெட்ட வேண்டாம். அந்த முடி ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

தொட்டியில கணுக்கால் முழுகுற அளவுக்குத் தண்ணி. மணிக்கட்டோட உள்பக்கத்துல ஊத்திப் பார்த்தா சூடாவும் தெரியக் கூடாது, ஜில்லுன்னும் இருக்கக் கூடாது. சூட்டுல ரத்த ஓட்டம் கூடி அரிப்பு ஏறும். வெளியில போயிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில 2, 3 நிமிஷம் அலசினா போதும். மகரந்தமும் தூசியும் தோல் வழியாவே உள்ள போகுதுங்கறதால இந்த அலசல் சின்ன வேலை இல்ல. சோப்பு வேண்டாம்.

மக்கின ஈரத்துணி மாதிரி வாடை, பிசுபிசுப்பு, நகத்தோட அடியில பழுப்பு அழுக்கு, இதெல்லாம் இருந்தா ஈஸ்ட் ஏறியிருக்கு. அப்போ 2 சதவீதம் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் சேர்ந்த நாய் ஷாம்பூவை வாரத்துக்கு 2, 3 தடவை போடலாம். பாதத்தை நனைச்சு, நுரை வர்ற மாதிரி விரலிடுக்கு, நகக்கண்ணு வரைக்கும் தேய்ச்சு, 10 நிமிஷம் அப்படியே விடணும். பலருக்கும் பலன் கிடைக்காம போறது இந்த இடத்துலதான். ஒரு நிமிஷத்துல அலசிட்டு, ஷாம்பூ வேலை செய்யலைன்னு வேற ஒண்ணு வாங்கப் போயிடுவாங்க. மருந்து தோல்ல தங்கினாதான் கிருமி சாகும். நுரையோட நாயைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றவங்களுக்குத்தான் 10 நிமிஷம் எவ்வளவு நீளம்னு தெரியும். அதனால முதல் பாதத்துல போட்டதும் டைமரை வைங்க, மத்த மூணையும் முடிக்கிறதுக்குள்ள பாதி நேரம் ஓடிடும். கண்ணுலயும் காதுக்குள்ளயும் பட விடாதீங்க. நுரையை நக்க விடாம, கடைசியில வழவழப்பு போற வரைக்கும் அலசுங்க.

மனுஷ ஷாம்பூ ஏன் கூடாது? நம்ம தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.ஹெச். 5.5 பக்கம். நாயோட தோல் நடுநிலைக்குப் பக்கத்துல இருக்கு, மெல்லிசாவும் இருக்கு. நம்ம சோப்பு அதை வறட்டிடும்.

வாடையும் கசிவும் இல்லாம வெறுமனே சிவந்து, வறண்டு அரிக்குதுன்னா ஓட்ஸ் நல்லது. சர்க்கரை, ஃப்ளேவர் எதுவும் சேராத வெறும் ஓட்ஸை மிக்ஸியில மாவா அரைங்க. ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணியில கலக்கினா பால் மாதிரி வெளுத்து நிக்கணும். அடியில போய் உட்கார்ந்தா இன்னும் அரைக்கணும். 3 லிட்டர் தண்ணிக்கு மூணு மேசைக்கரண்டி. 10 நிமிஷம் ஊற வெச்சு, நல்ல தண்ணியில அலசிடுங்க. மாவு விரலிடுக்குல தங்கினா ஈஸ்டுக்கு நாமளே சோறு போட்ட மாதிரி.

[காட்சி: கட்டைவிரலால் விரல்களை விரித்து, துணி முனையை இடுக்கில் செருகும் கை. மிக அருகில்.]

துடைக்கிறதுதான் முக்கியமான வேலை. பெரிய டவலால பாதத்தை மொத்தமா அழுத்தினா மேல் முடிதான் காயும். இடது கையால பாதத்தை ஏந்தி, கட்டைவிரலை மேலயும் ஆள்காட்டி விரலைக் கீழயும் வெச்சு லேசா அழுத்துங்க, விரல்கள் தானா விரியும். மெல்லிய துணியோட முனையை ஒரு இடுக்குல விட்டு, இழுக்காம, தேய்க்காம ஒத்தி எடுங்க. ஒரு பாதத்துல விரல்களுக்கு நடுவுல மூணு இடுக்கு, அப்புறம் அடியில இருக்கிற அந்தப் பள்ளம். துணி நனைஞ்சதும் காஞ்ச துணிக்கு மாறுங்க. கடைசியா உங்க விரல் நுனியை இடுக்குல விட்டுப் பாருங்க. குளிர்ச்சியா தெரிஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. துடைக்க நேரமில்லாத நாள்ல ஊற வைக்காம இருக்கிறதே மேல்.

இவ்வளவும் செஞ்சுட்டு நக்க விட்டா, பத்து நிமிஷத்துல பழைய கதை. அதனால கழுத்துக் கோன் போடுங்க. கோனோட விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்கணும், கழுத்துப் பட்டைக்குள்ள ரெண்டு விரல் நுழையணும். சாக்ஸ் போடுறதா இருந்தா பருத்திச் சாக்ஸ், பாதம் காஞ்ச பிறகு, நீங்க பார்த்துட்டு இருக்கிற நேரத்துக்கு மட்டும். ராத்திரி முழுக்க விட்டா அது ஒரு ஈரப்பைதான். நாய் படுக்கையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி தண்ணியில துவைச்சா தூசிப்பூச்சியும் சாகும்.

[காட்சி: மேசை மேல் பாட்டில்களும் ட்யூப்களும். ஒவ்வொன்றாக ஒதுக்கி வைக்கப்படுகின்றன.]

இப்போ எதைத் தொடக் கூடாதுன்னு பார்ப்போம். பாதத்துல தடவுறது எல்லாம் வயித்துக்குப் போகும், இந்த ஒரு கணக்கை மனசுல வைங்க. டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம். நடுக்கம், தள்ளாட்டம் வரைக்கும் கொண்டு போகும். குழந்தைகளுக்குப் போடுற துத்தநாக ஆக்சைடு க்ரீமை நக்கினா வாந்தி, அதிகமானா ரத்த அணுக்களே உடையும். சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரையால் க்ரீம் கொஞ்சம் உள்ள போனாலே உயிருக்கு ஆபத்து. எப்சம் உப்புத் தண்ணியைக் குடிச்சா பேதி. வினிகர் புண் இருக்கிற தோல்ல தீயா எரியும். தேங்காய் எண்ணெய் விஷமில்ல, ஆனா ஈரமான இடுக்கு மேல எண்ணெய் பூசினா அது ஈரத்தை உள்ள பூட்டும்; கொழுப்பு ஈஸ்டுக்குப் பிடிச்ச சாப்பாடும் கூட.

மனுஷ மாத்திரையில இபுப்ரோஃபன், பாராசிட்டமால் பக்கமே போகாதீங்க. அலர்ஜி மாத்திரையிலயும் மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்தது நாய்க்கு ஆபத்து. கலக்காததுகூட நாய் அரிப்புக்குப் பெருசா உதவுறதில்லை.

விரலிடுக்குல சிவப்பா கட்டி எழும்பியிருந்தா பிதுக்காதீங்க. பெரும்பாலும் முடிவேர்ப் பை உள்ளுக்குள்ள வெடிச்சு வந்த கட்டி அது. பிதுக்கினா முடித்துணுக்கு இன்னும் ஆழமா போகும்.

சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை. பிராண்டை மாத்தி ரெண்டு வாரம் பார்த்துட்டு, உணவு அலர்ஜி இல்லைன்னு முடிவு கட்டுறது தப்பு. டாக்டர் சொல்ற ஒரே உணவை 8 வாரம், சில நாய்க்கு 12 வாரம் கொடுத்து, அப்புறம் பழைய உணவைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கணும். அரிப்பு திரும்பினாதான் உறுதி. நடுவுல ஒரு பிஸ்கட்டோ ஃப்ளேவர் மாத்திரையோ போனா, அதுவரைக்கும் எண்ணின நாள் வீண். எச்சிலையோ முடியையோ அனுப்பிச் செய்யிற அலர்ஜி டெஸ்டை நம்ப முடியாது.

ஒமேகா-3 உதவும், ஆனா மெதுவா. 6லேர்ந்து 12 வாரம் ஆகும். பாட்டில்ல 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்னு எழுதியிருந்தாலும், சாதா கேப்சூல்ல வேலை செய்யிற ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. ரெண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து, நாயோட எடைக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதுக்குப் பதிலா காட் மீன் ஈரல் எண்ணெய் வாங்கிடாதீங்க, அதுல வைட்டமின் ஏ, டி அளவுக்கு மீறிச் சேரும்.

[காட்சி: வீங்கிய முகத்துடன் நாயின் வரைபடம். சிவப்பு எச்சரிக்கைக் குறி.]

முகம் வீங்கினாலோ, மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ அந்த நிமிஷமே கிளம்புங்க. நொண்டல், சீழ், ரத்தம், ஒண்ணுக்கு மேல நகம் கழண்டு விழுறது, சோர்ந்து சாப்பிடாம இருக்கிறது, இதுல எது தெரிஞ்சாலும் அன்னைக்கே காட்டணும். இதெல்லாம் இல்லாம, ஒரு வாரம் ஒழுங்கா கழுவித் துடைச்சும் நக்குறது குறையலைன்னாலும் போகணும். அரிப்பைப் பிடிச்சு நிறுத்த இப்போ நல்ல மருந்துகள் இருக்கு. ஓக்லாசிட்டினிப் மாத்திரை சீக்கிரம் கேக்கும், 12 மாசம் நிரம்பாத நாய்க்குக் கொடுக்க மாட்டாங்க. லோகிவெட்மாப் ஊசி 4லேர்ந்து 8 வாரம் தாங்கும். ஸ்டீராய்டும் கேக்கும், கூடவே தாகம், பசி, சிறுநீர் எல்லாம் கூடும். மிச்சம் இருக்கிற பழைய ஸ்டீராய்டை நீங்களா எடுத்துக் கொடுக்காதீங்க.

போறதுக்கு முன்னாடி, எந்தத் தேதியில ஆரம்பிச்சது, 10க்கு எத்தனை மார்க் அரிப்புன்னு தினமும் ஒரு வரி குறிச்சு வைங்க. பாதத்தைப் போட்டோ எடுத்து வைங்க. ஆனா டாக்டர்கிட்ட போற அன்னைக்கு மட்டும் பாதத்தைக் கழுவாம கூட்டிட்டுப் போங்க. விரலிடுக்குல டேப் ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்க்க, அவருக்கு அந்த அழுக்கு வேணும்.