வாலிபால் பார்க்க 92,003 பேர் அங்கே! பெங்களூருவில் ஏன் வெறும் 41 பேர்?

[காட்சி: காலியான சிமென்ட் படிகள். தூரத்தில் விசில் சத்தம்.]

நாற்பத்தொன்று. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

போன மாதம் பெங்களூருவில் கல்லூரிகளுக்கிடையிலான பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, நல்ல வெயில். பார்வையாளர் நாற்பத்தொரு பேர். டீ கேனோடு வந்தவரையும், நிழலுக்காக உட்கார்ந்திருந்த இரண்டு காவலாளிகளையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். நடுவரைச் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு நிலைமை இன்னும் போகவில்லை.

ஆட்டமோ அபாரம். ஐந்தாவது செட் வரை இழுத்தது. பக்கத்துப் படியில் இருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “உங்கள் பெண் எந்தப் பக்கம் ஆடுகிறாள்?”

“எனக்குப் பெண் இல்லை அம்மா. சும்மா பார்க்க வந்தேன்.”

“சும்மாவா?” என்றார். பிறகு தன் கைப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். உறவுக்காரர் அல்லாத ஒருவர் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும் என்ற நிலையில் நாம் இருக்கிறோம். ஆனால் அந்தச் ‘சும்மா’தான் இந்த வீடியோவின் கதாநாயகன். மகளுக்காக வருபவர் பெற்றோர். சம்பளத்துக்காக வருபவர் பயிற்சியாளர். சும்மா வருகிறவர் மட்டும்தான் ரசிகர். ஒரு கல்லூரி அணிக்கு இப்படிச் சும்மா வருகிறவர்கள் எங்கிருந்து கிடைப்பார்கள்?

[காட்சி: சிவப்பு நிறத்தில் நிரம்பி வழியும் ஒரு ஸ்டேடியம், மேலிருந்து.]

2023 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் என்ற ஊர். பெண்கள் கல்லூரி வாலிபால், நெப்ராஸ்கா அணிக்கும் அதே மாநிலத்தின் ஒமாஹா அணிக்கும். வந்தவர்கள் 92,003 பேர். எழுத்துப் பிழை இல்லை, தொண்ணூற்றிரண்டாயிரத்து மூன்று பேர். உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் இல்லை, பருவத்தின் தொடக்க வாரத்து ஆட்டம். மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஒருபக்கமாக முடிந்தது. யார் ஜெயிப்பார்கள் என்பது பஸ் ஏறும்போதே எல்லோருக்கும் தெரியும். அப்படியும் வந்தார்கள். அன்று பல்கலைக்கழகம் வகுப்புகளை ரத்து செய்தது. நம் ஊரில் மழைக்கும் கடையடைப்புக்கும் விடுகிற விடுமுறையை அங்கே வாலிபாலுக்கு விட்டார்கள்.

இதற்கு முன்னால் பெண்கள் விளையாட்டு ஒன்றுக்குக் கூடிய பெருங்கூட்டமாகச் சொல்லப்பட்டது பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் 2022-இல் கூடியது: 91,648 பேர். பார்சிலோனா எங்கே, லிங்கன் எங்கே! மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை ஒரு சின்ன ஊர்த் தேர் முறியடித்தது போல.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போடாமல் என்னால் நகர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்கா மாநிலம் முழுவதற்கும் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 19.6 லட்சம். அதாவது மாநிலத்தில் இருபத்தொரு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு ஸ்டேடியத்தில் கூட்டம். பெங்களூருவுக்கு 2011 கணக்கெடுப்பிலேயே சுமார் 84 லட்சம் பேர். அதே விகிதத்தில் நாம் கிளம்பினால் நான்கு லட்சம் பேர் வாலிபால் பார்க்க வருவோம். சின்னசாமி ஸ்டேடியத்தைப் போல் பத்து ஸ்டேடியங்கள் வேண்டும். போக்குவரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டு பாதிப் பேர் அடுத்த ஆண்டு ஆட்டத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

ஸ்டேடியத்தில் வாலிபால் ஆடும் யோசனை அவர்களுக்கு எப்படி வந்தது தெரியுமா? பொறாமையில். 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 16,833 பேரைக் கூட்டி ஒரு சாதனை படைத்தது. கூட்டத்தில் எங்களை மிஞ்ச யார் என்று இருந்த நெப்ராஸ்காக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளரங்கை விட்டுவிட்டுத் தங்கள் அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்திலேயே வலையைக் கட்டிவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் பத்து டியூப்லைட் போட்டு இரவு ஆட்டம் நடத்தினால் நாம் இருபது போடுகிறோமே, அதே குணம். வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரை ‘லிஃப்டர்’ என்று அழைத்து வளர்ந்த எந்தத் தமிழருக்கும் இந்த உணர்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டம் ஒரே நாளில் முளைத்ததும் இல்லை. நெப்ராஸ்கா பெண்கள் வாலிபால் அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு 2001 முதல் தொடர்ச்சியாக எல்லா டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்திருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த நீர், அன்று ஒருநாள் மதகைத் திறந்ததும் பாய்ந்தது.

அதே மைதானத்தின் சொந்தக்காரர்களான ஆண்கள் அணியின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அந்த அணி கடைசியாக தேசியப் பட்டம் பார்த்தது 1997-இல். 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்கள் வரிசையாக, வென்றதைவிடத் தோற்றதே அதிகம். ஆனால் 1962 முதல் அந்த ஸ்டேடியத்தில் எந்த ஆட்டத்துக்கும் டிக்கெட் மீந்ததாகக் கணக்கில்லை! 2021-இல் மீந்துவிடும் போலிருந்தபோது நன்கொடையாளர்கள் அவற்றை வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சாதனையைக் காப்பாற்றினார்கள். கொஞ்சம் ஏமாற்று வேலைதான். ஆனால் இவ்வளவு அழகான ஏமாற்று வேலையை நான் பார்த்ததில்லை. முதல் புள்ளி எடுத்ததும் ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்களை வானத்தில் பறக்கவிடும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. ஹீலியம் தட்டுப்பாட்டால் 2022-இல் நிறுத்தினார்கள். தோல்வியால் நிற்காதது வாயுவால் நின்றது.

தோற்கும் அணியின் பின்னால் ஓர் ஊரே நிற்பது பெங்களூருக்காரர்களுக்குப் புதிதா என்ன? 2008 முதல் ஆர்.சி.பி. கிரிக்கெட் அணிக்காகக் காத்திருந்து, ‘ஈ சலா கப் நம்தே’ (இந்த ஆண்டு கோப்பை நமதே) என்று சொல்லிச் சொல்லி, 2025 ஜூன் 3 அன்றுதான் ஐ.பி.எல். கோப்பையைத் தொட்டோம். அல்சூர் தெருக்களில் தமிழ் பேசுகிறவர்களும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கன்னடத்தில்தான் சொல்வார்கள். ஆக, விசுவாசத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

[காட்சி: படகுப் போட்டியின் பழைய ஓவியம்.]

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1852-இல் ஹார்வர்டு, யேல் என்ற இரண்டு கல்லூரிகள் படகுப் போட்டி நடத்தின; ஏற்பாடு செய்தது ஒரு ரயில் கம்பெனி, தன் பாதையில் பயணிகளை வரவழைக்க. 1906-இல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும், இன்று என்.சி.ஏ.ஏ. எனப்படும் சங்கம். 1972-இல் பெண்களுக்குக் கல்லூரி விளையாட்டில் சம வாய்ப்பு தரும் சட்டம். முடிந்தது.

ஆனால் அந்த ரயில் கம்பெனியை மட்டும் மறந்துவிடாதீர்கள். கல்லூரி விளையாட்டு வியாபாரமாகிவிட்டது என்று இன்று புலம்புகிறவர்கள், அது பிறந்ததே ஒரு விளம்பரத்துக்காக என்பதைக் கவனிப்பதில்லை.

சரி, லிங்கனில் மட்டும் ஏன் இப்படி? பெரிய தொழில்முறை லீக்குகளின் அணி எதுவும் நெப்ராஸ்காவில் இல்லை. ஐ.பி.எல். அணி இல்லாத, சினிமா நட்சத்திரம் இல்லாத ஒரு மாநிலத்தைக் கற்பனை செய்யுங்கள். ஆரவாரம் செய்ய இருக்கும் ஒரே பெயர் பல்கலைக்கழகம். அங்கே படிக்காத விவசாயியும் அந்தச் சிவப்புச் சட்டையைப் போடுகிறார். கல்லூரியின் அணி ஊரின் அணியாகிவிட்டது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். பெற்றோர் கூட்டம் ஆண்டுதோறும் மாறும். மகள் பட்டம் வாங்கியதும் அம்மாவும் போய்விடுவார். ஊர் போகாது.

ஆசை பெருகினால் பணமும் பெருகும், தலைவலியும் பெருகும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, கல்லூரிப் பயிற்சியாளருக்கு. ஆடுகிற மாணவருக்கோ நெடுங்காலம் உதவித்தொகை மட்டும்தான். 2021 ஜூலையில்தான் அவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்ற கதவு திறந்தது. 2025-இல் ஒரு நீதிமன்ற உடன்படிக்கைக்குப் பிறகு, ஒரு கல்லூரி முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்றானது. நம் பணத்தில் 170 கோடி ரூபாயைத் தாண்டும். ஆடுகிறவனுக்குக் காசு போவது நியாயம்தான். ஆனால் அந்தக் காசை எங்கிருந்து எடுப்பார்கள் என்று பார்த்தால், வருமானம் தராத நீச்சல், ஓட்டம் போன்ற அணிகளின் வயிற்றில் கை வைப்பார்களோ என்ற பயம் அங்கேயே இருக்கிறது. அதனால் அமெரிக்காவை அப்படியே இங்கே நட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டண ரசீதைப் பார்த்தாலே மயக்கம் வரும் பெற்றோர் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறார்கள்.

[காட்சி: கௌதமபுரம். பெலே சிலை.]

இப்போது வீட்டுக்கு வருவோம். நம்மிடம் ஆட்டக்காரர்கள் இல்லையா? 2022-இல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் பெங்களூருவில்தான் நடந்தன. 20 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது இந்த ஊரின் ஜெயின் பல்கலைக்கழகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் நீந்திய ஸ்ரீஹரி நட்ராஜ் அந்த அணியில் இருந்தார். ஒலிம்பிக் வீரர் ஒருவர் பஸ் தூரத்தில் நீந்தியிருக்கிறார், டிக்கெட் கிழிக்க ஆள் தேவைப்பட்டதா? நான் போகவில்லை. நீங்கள் போனீர்களா? கையைத் தூக்குங்கள், எனக்குத் தெரியப்போவதில்லை.

ரசனை இல்லையா? அல்சூர் பக்கம் கௌதமபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியின் அருமைநாயகம் பெங்களூருவில் பிறந்தவர். சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் கல்லூரி ஆட்டங்களுக்குப் போவீர்களா என்று கேட்டேன். “எங்கே நடக்கிறது என்று யார் தம்பி சொல்கிறார்கள்? சொன்னால் போவேன்,” என்றார். அவ்வளவுதான், என் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிட்டது.

கூட்டம் சேர்க்கத் தெரியாத கல்லூரிகளும் இல்லை இவை. ஆண்டு விழாவுக்குப் பாடகர் வருகிறார் என்றால் வாசலில் தள்ளுமுள்ளு. ஒரு மாதம் முன்பே சுவரொட்டி, நுழைவுச் சீட்டு, அடையாளப் பட்டை எல்லாம் தயார். அதே கல்லூரியின் வாலிபால் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள், அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு, கோப்பையோடு முதல்வர் நிற்கும் படத்துடன். ஆட்டம் வார நாளில், வகுப்பு நேரத்தில். பார்க்க ஆசைப்படும் மாணவருக்கு 75 சதவீத வருகைப் பதிவு என்ற கத்தி தலைக்குமேல். இதில் ரசிகர்கள் வரவில்லையே என்று உடற்கல்வித் துறை வருத்தப்படுவதை, கல்யாணப் பத்திரிகையை அடிக்காமலேயே பந்தியில் ஆள் இல்லையே என்று வருத்தப்படுவதோடுதான் ஒப்பிட முடியும்.

புதிதாக ரசிகர்களை உண்டாக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு பதில் கண்டீரவா ஸ்டேடியத்திலேயே இருக்கிறது. 2013-இல் பெங்களூரு எஃப்.சி. என்ற கால்பந்து அணி பிறந்தபோது அதற்குப் பரம்பரை ரசிகர் ஒருவரும் இல்லை. இன்று வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்ற கூட்டம் மேற்குப் பகுதியில் நின்றுகொண்டே பாடுகிறது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் பட்டம் வென்றது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் எந்த நாள், எந்த மைதானம், எந்த நிறச் சட்டை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கல்லூரி அணிக்கும் அதுதான் முதலில் வேண்டும். கூடவே ஒரு நல்ல எதிரி. பக்கத்துத் தெருக் கல்லூரியாக இருந்தால் உத்தமம். சனிக்கிழமை சாயங்காலம், விளக்கு வெளிச்சம், ஒரு மைக், வாசலில் சுண்டல். இதற்கு 170 கோடி ஆகாது.

உங்கள் பகுதியில் எந்தக் கல்லூரி, எந்த மைதானம், என்றைக்கு ஆட்டம் என்று கீழே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், கன்னடத்தில் எழுதுங்கள், படித்துவிடுவேன். சந்தா பொத்தானை அழுத்தினாலும் சரி, அழுத்தாவிட்டாலும் சரி, இடத்தை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த போட்டிக்கு நான் போகிறேன். அந்த அம்மா மறுபடி வந்திருந்தால் கைப்பையை இழுத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. வருகிறவர்கள் குடை கொண்டுவாருங்கள். நிழல் விழும் அந்த இரண்டு படிகளும் காவலாளிகளுடையவை.