இரண்டு வரித் திருத்தம்

வணக்கம் நேயர்களே. நான் கிளிநொச்சியிலிருந்து மென்பொருள் எழுதுகிறவன். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் கணினி படிக்கிற தம்பி தங்கைகளை மனதில் வைத்தே, நிரல் எழுதும் ஒழுங்கைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பலர் சேர்ந்து எழுதும் ஒரு திறந்தமூல நிரலுக்கு நான் முதன்முதல் அனுப்பிய திருத்தம் இரண்டே வரி. திகதியைப் பிழையாகக் காட்டிய இடத்தை இரவிரவாகத் தேடிப் பிடித்திருந்தேன். அனுப்பிவிட்டுப் பார்த்தால், அறுநூறுக்கு மேற்பட்ட வரிகள் மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாக நிற்கின்றன. அவர்கள் வரிகளின் தொடக்கத்தை உள்தள்ள ரப் (Tab) விசையைப் பாவித்திருந்தார்கள். பைத்தன் மொழிக்குப் பழக்கிய, நான் நிரல் எழுதும் எடிட்டரோ, சேமிக்கும்போது அத்தனையையும் நான்கு நான்கு இடைவெளியாக மாற்றிவிட்டது. என் இரண்டு வரி எங்கே கிடக்கிறதென்று நானே தேடவேண்டியிருந்தது. திருத்தத்தை மட்டும் அனுப்பும்படி திருப்பி விட்டார்கள்.

நான்கு இடைவெளிதானே முறை என்று எனக்கு மனத்தாங்கல். 2001இல் வந்த பைத்தனின் எழுத்துமுறை வழிகாட்டியான பெப் 8 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஒரு திட்டத்துக்குள் இருக்கும் ஒருமைப்பாடு தன்னைவிட முக்கியம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அந்த இடத்தை நான் வாசிக்காமல் விட்டிருந்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் ரப்தான், அதுவும் எட்டு எழுத்து அகலம். கோ மொழியிலோ கோஃபம்ற் (gofmt) என்ற கருவியே வரிகளை அடுக்கிவிடும், வாதத்துக்கு இடமில்லை.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கூட்டத்தில் மூன்று மாத நெல் என்று முடிவான பிறகு ஒருவர் நான்கு மாத நெல் விதைத்தால், வாய்க்கால் பூட்டுகிற நேரம் அவருடைய வயல் மட்டும் தண்ணீர் கேட்கும். அவருடைய நெல் நல்ல இனமாகவே இருக்கலாம்.

எழுதும் ஒழுங்கு வெறும் அழகுக்கல்ல. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழையைப் பாருங்கள். பிழை கண்டால் முடிவுக்குத் தாவச் சொல்லும் 'கோட்டூ ஃபெயில்' (goto fail) என்ற வரி தவறுதலாக இரண்டு தரம் விழுந்திருந்தது. இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே நின்றது. ஆனால் உள்தள்ளியிருந்ததால் பார்வைக்கு உள்ளே நிற்பதுபோலத் தெரிந்தது. அந்த வரி எப்போதும் இயங்கியதால் சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படியே நடக்காமல் போனது. ஒற்றை வரியானாலும் அடைப்புக்குறி போடு என்ற விதி கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், அந்த மேலதிக வரியால் கேடு வந்திராது.

ஆகவே பிள்ளைகள், சேருகிற திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியை முதலில் வாசியுங்கள். எழுதும் ஒழுங்கை எடிட்டருக்குச் சொல்லும் எடிட்டர்கொன்ஃபிக் கோப்பு இருந்தால் உங்கள் எடிட்டர் அதை மதிக்கிறதா என்று பாருங்கள். வழிகாட்டி இல்லையென்றால் அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். ஒழுங்கை மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள், பிறகு தனித் திருத்தமாக அனுப்புங்கள். பிழைத் திருத்தத்தோடு கலந்தால், எந்த வரியை யார் ஏன் எழுதினார் என்று பின்னாளில் தேடுகிறவருக்கு உங்கள் பெயர்தான் அகப்படும், காரணம் அகப்படாது.

நான் எடிட்டரைச் சரிசெய்து அந்த இரண்டு வரியை மறுபடி அனுப்பினேன். அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்கள்.