கோலிக்குண்டில் போட்ட ஓட்டு

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஆப்பிரிக்காவில் மக்களாட்சி வேரூன்றுகிறதா, வேரறுந்து போகிறதா? வேரூன்றுகிறது என்பது எங்கள் அணி.

முன்னால் பேசிய அண்ணன் மாலி, கினி, புர்கினா ஃபாசோ, நைஜர், காபோன் என்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடுகளை மூச்சு விடாமல் அடுக்கினார். கேமரூனில் பால் பியா 1982 முதல் நாற்காலியை விடவில்லை என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் அண்ணன் அரண்மனை வாசலோடு திரும்பிவிட்டார், வாக்குச்சாவடிக்குள் போகவேயில்லை. வாங்க, நான் கூட்டிப்போகிறேன்.

காம்பியா. அங்கே ஓட்டு என்பது ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. வேட்பாளர் படம் ஒட்டி, வண்ணம் பூசிய இரும்பு டிரம்முக்குள் போட வேண்டும். உள்ளே மணி ஒருமுறை அடிக்கும். இரண்டு முறை அடித்தால் கள்ள ஓட்டு! எண்ணும்போது குழி வைத்த தட்டில் கொட்டி நிரப்புவார்கள். நம் உத்திரமேரூர் குடவோலை வெறும் குலுக்கல்தான். காம்பியாவிலோ ஒவ்வொரு கோலியும் கணக்கு. 22 ஆண்டுகள் ஆட்டிப்படைத்த யாஹ்யா ஜமே, 2016 டிசம்பரில் அந்தக் கோலிகளிடம் தோற்றார். முதலில் ஒப்புக்கொண்டார், அப்புறம் முரண்டு பிடித்தார். அண்டை நாடுகளின் படை வந்ததும் 2017 ஜனவரியில் நாட்டை விட்டே போனார். ஓட்டுக்கு லீவு விட்டால் ஈசிஆர் ரிசார்ட்டுக்குக் கிளம்பும் நம் சென்னைக்காரர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளலாம்.

மனித உரிமை? கென்யாவில் 2024 ஜூனில் வரி மசோதாவை எதிர்த்து வந்த இளைஞர்களைச் சுட்டார்கள், பலர் செத்தார்கள். அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் மறுநாளே ஜனாதிபதி ரூட்டோ அந்த மசோதாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பின்வாங்க வேண்டியதாயிற்று. போட்ஸ்வானாவில் சுதந்திரம் முதல் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி அதே ஆண்டு தோற்றது. சத்தமில்லாமல் சாவியைக் கொடுத்தது.

மலாவிக்கு வருகிறேன். 2019 தேர்தலில் முடிவுத்தாள்களில் வைட்னர் பூசி எண்ணை மாற்றியிருந்தார்கள். ஆமாம், ஆபீஸில் தப்பெழுத்தை மறைக்கிற அதே வைட்னர்! 2020 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள், குண்டு துளைக்காத உடை அணிந்து நீதிமன்றம் வந்து, பதவியில் இருந்த ஜனாதிபதி முத்தரிக்காவின் வெற்றியையே ரத்து செய்தார்கள். மறுதேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் சக்வேரா ஜெயித்தார்.

"அந்த முத்தரிக்கா 2025-ல் திரும்பி வந்துவிட்டாரே" என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. வந்தார், சரி. எப்படி வந்தார்? ஓட்டு வாங்கி வந்தார். ஆட்சியில் இருந்த சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினார். ராணுவ ஆட்சிகளை எண்ணிக் காட்டிய அண்ணன் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்? அவர் அணியில் அடுத்து வருபவர் சொல்லட்டும்.