மாதம் தள்ளுமுன் ஒரு மாத்திரை

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, வெளிநோயாளர் வரிசையை முடித்துவிட்டுச் சயான் மருத்துவமனையிலிருந்து நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் மகப்பேறு மருத்துவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு அனைவருக்கும் சுக்குக் காப்பியும் வழங்கிய பெரியவர் அவர்களே, வீடு வீடாக ஏறி இறங்கும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா சகோதரிகளே, திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து தாராவியைத் தம் ஊராக்கிக்கொண்ட தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கு வேண்டிய ஃபோலிக் அமிலம், இரும்பு, அயோடின் ஆகிய மூன்று சத்துகளைப் பற்றியும் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது நான் ஏறும் மேடையிலெல்லாம் சொல்லும் பழமொழி. 2005 ஜூலை 26 அன்று நம் மும்பையில் மித்தி ஆறு பெருகியதைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற பிறவிக் குறைகள் வரும். அந்த 28ஆம் நாளில் மாதவிலக்கு தள்ளிப்போய் ஏறக்குறைய இரண்டு வாரமே ஆகியிருக்கும். பல பெண்கள் மாமியாரிடம்கூட வாய் திறந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கத் தொடங்கும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை நிறுத்தாமல் உட்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெள்ளம் வருமுன் அணை என்பது இதுதான்.

இந்தச் சத்தின் கதை நம் மும்பையில் தொடங்கியது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் இங்கே வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். அந்தப் பெண்கள் உண்ட எளிய உணவையே குரங்குகளுக்கும் கொடுத்து, அவற்றுக்கும் இரத்தசோகை வருவதைக் கண்டார். மார்மைட் என்ற மலிவான பண்டத்தை ஊட்டியதும் குணம் தெரிந்தது. கர்ப்பிணிகளும் அதனால் தேறினார்கள். பீர் வடித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட்டிலிருந்து செய்வது அது. பீர் என்றதும் பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. அண்ணாச்சிமார்களே, மார்மைட்டில் போதை கிடையாது. வில்ஸ் தம் முடிவுகளை 1931இல் வெளியிட்டார். பசலைக் கீரையிலிருந்து அந்தச் சத்தை 1941இல் பிரித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டியது.

அடுத்தது இரும்பு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. நான்காம் மாதம் முதல் 180 நாள்களுக்கு அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதைத் தேநீருடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ சேர்த்து விழுங்காதீர்கள். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டாம். அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் அதைப் பற்றி இவ்வளவே.

நான் கேட்க வந்தது வேறு. கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும் என்று நம் அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் ஊரிலிருந்து தாலி கட்டிக்கொண்டு புதிதாக இங்கே வந்திறங்கும், மராத்தியும் இந்தியும் அறியாத பெண்ணுக்கு அதைச் சொல்வது யார்? அவள் பேறுகாலப் பதிவுக்குப் போகும்போது அந்த 28 நாள் கடந்திருக்கும். வெள்ளம் வடிந்தபின் அணை கட்டி என்ன பயன்?

ஆகவே, நம் சங்கத்தின் வழியாக நடக்கும் ஒவ்வொரு திருமணத்திலும் மணமக்களுக்குத் தரும் தாம்பூலப் பையில், எந்த மாத்திரை, எப்போது, எந்த ஆரோக்கிய நிலையத்தில் கேட்பது என்பதைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளை வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வாசகத்தை மருத்துவர் அம்மா சரிபார்த்துத் தர வேண்டும். அச்சுக்கூலி என் பொறுப்பு. வழிமொழிவோர் கை உயர்த்துமாறு வேண்டுகிறேன்.