பத்து ஸ்லைடரும் ஒரு வலது கையும்

நேயர்களுக்கு வணக்கம். எலெக்ட்ரிக் கிதாரோடு அனலாக் சிந்த் பெடலை, அதாவது கிதாரின் ஒலியை மின்சுற்றுகளாலேயே சிந்தசைசர் ஒலி மாதிரி மாற்றுகிற காலடிப் பெட்டியை, சேர்த்து வாசிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிதாரும் பெடலும் இப்போது என் கையில் இல்லை. அதனால் சில ஒலிகளை வாயாலேயே எழுப்பிக் காட்டுவேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

முதலில் ஒரு மானக்கேடான கதை. பல வருடங்களுக்கு முன்பு நண்பர் ஒருவரிடம் இப்படிப்பட்ட பெடல் ஒன்றை இரவல் வாங்கினேன். மேலே பத்து ஸ்லைடர்கள், அதாவது மேலும் கீழும் நகர்த்துகிற பிடிகள், பார்க்கவே விமானம் ஓட்டுகிற பலகை மாதிரி. வீட்டுக்கு வந்ததும் எல்லா ஸ்லைடரையும் பாதிவரை ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு பெரிய கார்டு, அதாவது பல சுரங்களின் கூட்டொலி, அடித்தேன். "கொர்ர்ர்... ப்ளக்... கீச்... கொர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. இன்னொரு கார்டு அடித்தேன், இன்னும் மோசம். ஒரு வாரம் போராடிவிட்டு, பெடல் கெட்டுப்போயிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். நண்பர் அங்கேயே என் கிதாரை வாங்கி மாட்டி, நாலாவது கம்பியில் ஒரே ஒரு சுரம் வாசித்தார். "ப்யோவ்ங்" என்று தடியான, கொழுத்த ஒலி அறையை நிறைத்தது. "பெடலுக்கு ஒண்ணும் ஆகலைடா. ஆறு பேரை ஒரே நேரத்துல பேச விட்டுட்டு, அது ஏன் குழம்புதுன்னு கேட்கிற" என்றார்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தப் பெடல் முழுவதும் புரிந்துவிடும்.

கீபோர்டு சிந்தசைசரில் ஆசிலேட்டர் என்று ஒரு சுற்று இருக்கிறது. விசையை அழுத்தினால் இன்ன சுருதியில் ஒலி எழுப்பு என்று அதற்குக் கட்டளை போகும். கிதாருக்கான அனலாக் சிந்த் பெடல்கள் பலவற்றில் அப்படித் தானாகப் பாடுகிற ஆசிலேட்டர் கிடையாது. மூலப்பொருள் உங்கள் கம்பிதான். அதன் அலையை வெட்டி, மடித்து, பாதியாக்கி, கடைசியில் ஃபில்டர், அதாவது சில அதிர்வெண்களை விட்டுச் சிலவற்றைத் தடுக்கிற சுற்று, வழியாக வடிகட்டித் தருகிறது. இதைச் சிந்தசைசர் என்று சொல்லலாமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை.

வரலாற்றில் இதற்கு இரண்டு பாதைகள் இருந்தன. 1977-இல் ரோலண்ட் நிறுவனம் ஜிஆர்-500 என்ற கிதார் சிந்தசைசரைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்பியின் ஒலியையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் சிறப்புப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் உறுப்பு) பொருத்திய கிதார் அதற்கு வேண்டும். இன்னொரு பாதை எளியது: உங்களிடம் இருக்கிற கிதார், சாதாரணக் கேபிள், நடுவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். நியூயார்க்கில் 1968-இல் மைக் மேத்யூஸ் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1970களின் கடைசியில் வெளியிட்ட மைக்ரோ சிந்தசைசர் இந்த வகை. நான் இரவல் வாங்கியதும் அதன் வம்சம்தான். லண்டனில் விசிஎஸ்-3 என்ற சிந்தசைசரை 1969-இல் வடிவமைத்த டேவிட் காக்கரெல் பிற்பாடு இந்த நிறுவனத்துக்கும் வேலை செய்தார் என்பதைக் கேட்டால், கிதார் பெடலுக்குள் சிந்தசைசர் மூளை எப்படி வந்தது என்பது விளங்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கிதாரின் சொந்தக் குரலோடு இன்னும் மூன்று குரல்களைப் பெடல் தருகிறது. முதலில் கீழ் ஸ்தாயிக் குரலை எடுத்துக்கொள்வோம். தலையில் பொத்தான் வைத்த பேனாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அழுத்தினால் முனை வெளியே வரும், இன்னொரு முறை அழுத்தினால் உள்ளே போகும். இரண்டு அழுத்தலுக்கு ஒரு சுற்று. பெடலுக்குள் இருக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் சுற்று இதையேதான் செய்கிறது. கம்பி ஒரு முறை அதிர்ந்தால் ஓர் அழுத்தல். நொடிக்கு 110 முறை அதிர்ந்தால், வெளியே 55 வரும். பாதி அதிர்வெண் என்றால் ஒரு ஸ்தாயி கீழே. கணக்கு அவ்வளவுதான்.

இந்த எளிய தந்திரத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் வேகம். சுருதியை அளந்து, இது இன்ன சுரம் என்று தீர்மானித்து, பிறகு ஒலி எழுப்புகிற கருவிகள் குறைந்தது ஒரு முழு அதிர்வாவது காத்திருக்க வேண்டும். கிதாரின் தடித்த ஆறாவது கம்பி நொடிக்கு 82 முறை சொச்சம் அதிர்கிறது. அதாவது ஓர் அதிர்வுக்கே 12 மில்லிநொடி. இரண்டு மூன்று அதிர்வு பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று கருவி அடம்பிடித்தால், விரலுக்கும் காதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுவது தெரியும். பேனாப் பொத்தான் எதையும் அளப்பதில்லை, அழுத்தினால் மாறும். அதனால்தான் கம்பியை இழுத்து வளைத்தால் கீழ் ஸ்தாயியும் கூடவே வளைகிறது. ஒரு கமகத்தைக் கொடுத்துப் பாருங்கள், படிப்படியாக உடையாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும்.

ஆனால் அளக்காததால்தான் ஏமாறவும் செய்கிறது. கிதார் கம்பி ஒருபோதும் ஒற்றை அலையாக அதிர்வதில்லை. அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று துணைச் சுரங்களும் கலந்திருக்கும். அந்த இரண்டு மடங்குத் துணைச் சுரம் பலமாக இருந்தால், ஒரே அதிர்வுக்குள் பொத்தான் இரண்டு முறை அழுந்திவிடும். கீழே வர வேண்டிய ஒலி சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே துள்ளும், மறுபடி கீழே விழும். "பெடல் சரியாகத் தொடரவில்லை" என்று கிதார்காரர்கள் குறை சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதற்கு மருந்து பெடலில் இல்லை, கிதாரில் இருக்கிறது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்கு மாறுங்கள். ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற டோன் நாபை நன்றாகக் குறையுங்கள். கம்பிகள் உடலில் வந்து முடிகிற பிரிட்ஜ் ஓரத்தில் பிக்கால் (மீட்டுகிற சிறு தகட்டால்) கீறாமல், கழுத்துப் பக்கம் தள்ளி, முடிந்தால் விரல் சதையால் மீட்டுங்கள். கம்பியின் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படைத் துணைச் சுரங்கள் எழுவதே இல்லை. விரல் வைக்காத திறந்த கம்பிக்கு அந்த இடம் 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு). அங்கேயே போய் வாசிக்க முடியாதுதான், ஆனால் அந்தத் திசையில் நாலு விரற்கடை நகர்ந்தாலே வித்தியாசம் கேட்கும். "டோனைக் குறைத்தால் கிதார் மந்தமாகிவிடுமே" என்று ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். மந்தமாகட்டும். பளபளப்பைப் பெடல் பிறகு சேர்த்துக்கொள்ளும்.

கார்டு விஷயமும் இப்போது புரிந்திருக்கும். ஆறு கம்பியின் அலைகள் கலந்து போனால் பொத்தானை யார் எப்போது அழுத்துகிறார்கள் என்றே சொல்ல முடியாது. இரண்டு கம்பிகளில் ஒரே சுரத்தை ஸ்தாயி வித்தியாசத்தில் வாசித்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஸ-ப சேர்த்தால் சில சமயம் நல்ல உறுமல் கிடைக்கும். ஸ-க சேர்த்தால் அன்றைக்கு நான் கேட்ட அந்தக் கொர்ர்தான். வாசிக்காத கம்பிகளும் ஆபத்து, தானாக லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டு கைகளுக்கும் அதிக வேலை கம்பியை மீட்டுவதைவிட அமுக்கி அடக்குவதில்தான்.

மற்ற இரண்டு குரல்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சதுர அலைக் குரல், அலையின் தலையையும் அடியையும் தட்டையாக வெட்டியது. முழுமையான சதுர அலையில் ஒற்றைப்படைத் துணைச் சுரங்கள் மட்டுமே இருப்பதால், க்ளாரினெட்டின் கீழ்ச் சுரங்களைப் போல நடுவில் குடைந்த மாதிரி ஒலிக்கும். மேல் ஸ்தாயிக் குரல், அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுவதால் வருவது. ஒரு மேடு இரண்டு மேடாகிறது. ராஜர் மேயர் செய்து கொடுத்து, ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967-இல் பயன்படுத்திய ஆக்டேவியா பெடலிலும் இந்த மடிப்புதான். என் காதுக்கு அது தனியாகக் கேட்டால் தகர டப்பா. ஒரு சிட்டிகை போதும்.

இப்போது ஃபில்டருக்கு வருகிறேன். சிந்த் பெடலுக்குச் சிந்த் என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுப்பது இதுதான் என்பது என் கட்சி. வா-வா பெடலில் ஃபில்டரைக் கால் நகர்த்துகிறது. 1972-இல் மைக் பைகல் வடிவமைத்த மியூ-ட்ரான் 3 போன்றவற்றில் ஒலியின் பலம் நகர்த்துகிறது. ஓங்கி மீட்டினால் அகலத் திறக்கும், மெல்ல மீட்டினால் கொஞ்சமாகத் திறக்கும். மைக்ரோ சிந்தசைசரில் வேறு ஏற்பாடு. எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும், எவ்வளவு வேகம் என்று மூன்று ஸ்லைடர்கள். நீங்கள் மீட்டியது இந்தப் பயணத்தைத் தொடங்கிவைக்கிற ட்ரிகரைத் தட்டிவிட்டால் போதும், மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் அதே பயணம். தொடக்கத்தை மேலே வைத்து முடிவைக் கீழே வைத்தால் "ப்யோவ்". மாற்றி வைத்தால் "வ்வாய்ப்". ஃபில்டர் வெட்டுகிற இடத்தை எடுப்பாக்கும் ரெசனன்ஸைக் கூட்டக் கூட்ட அந்தப் பயணத்துக்கு ஒரு மூக்கு முளைக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த பயணம் தொடங்க வேண்டுமானால் முந்தைய சுரம் அடங்கியிருக்க வேண்டும். சுரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வாசித்தால் ட்ரிகர் இரண்டாவதைக் கவனிக்கவே கவனிக்காது. நான் மாதக்கணக்கில் இதைக் குறை என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள், முதல் சுரத்தை மட்டும் பிக்கால் மீட்டி அடுத்த மூன்றை இடது கை விரலால் தட்டியே எடுத்தேன். நான்கு சுரமும் ஒரே ஃபில்டர் பயணத்தின் முதுகில் ஏறிப் போயின, ஒரே மூச்சில் ஊதின குழல் மாதிரி. மறுபடி பிக்கால் தட்டினேன், புது மூச்சு. எங்கே மூச்சு விடுவது என்பதைத் தீர்மானிப்பது என் வலது கை. சாதாரணக் கிதாரில் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. கம்பி தானாகத் தேய்ந்து அடங்கட்டும் என்று விட்டுவிடுவேன். இங்கே ஒரு சுரத்தை எப்போது முடிக்கிறேன் என்பதும் வாசிப்பு.

அட்டாக் டிலே என்ற ஸ்லைடரும் இதே ஒழுங்கைக் கேட்கும். பிக் கம்பியில் படுகிற முதல் "டக்"கை மறைத்து, ஒலியை மெல்ல மெல்ல மேலே கொண்டுவரும். கேட்கிறவர்களுக்கு வில் போட்டு இழுத்த மாதிரி இருக்கும். இதற்கு வானொலியோடு ஒரு பழைய உறவு உண்டு. பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியேர் ஷெஃபர் 1940களின் கடைசியில் மணியோசையைப் பதிவுசெய்தபோது, அடி விழும் தொடக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். மீதி ஓசையைக் கேட்டால் மணி மாதிரியே இல்லை. இன்ன கருவி என்று காது அடையாளம் காண்பதில் அந்த முதல் கணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டால் கிதாரும் கிதார் இல்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் தொடக்கம்: கிதார்க் குரல் கால்வாசி, கீழ் ஸ்தாயி பாதி, மற்ற இரண்டும் பூஜ்யம், அட்டாக் டிலே பூஜ்யம், ஃபில்டர் மேலிருந்து கீழே, வேகம் நடுவில். ட்ரிகரை மட்டும் உங்கள் பிக்கப்பின் பலத்துக்கு ஏற்பப் பொறுமையாகத் தேடிப் பிடியுங்கள். குறைந்தால் பாதிச் சுரங்களை விழுங்கும், கூடினால் விரல் உரசுவதற்கெல்லாம் துள்ளும். இந்த அமைப்பில் நாலாவது, மூன்றாவது கம்பிகளில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் வாசியுங்கள். ஆறாவது கம்பியைத் திறந்து வாசித்தால் கீழ் ஸ்தாயி 41 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். கிதார் ஆம்பின் (ஒலிபெருக்கியின்) ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. பேஸ் ஆம்ப் இருந்தால் அது வேறு கதை.

பெடல் வரிசையில் இதை முதலில் வையுங்கள், கிதாரிலிருந்து நேராக. முன்னால் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் போட்டால் மெதுவும் பலமும் ஒன்றாகிவிடும், ட்ரிகர் எதைப் பிடிக்கும்? எதிரொலி சேர்க்கிற டிலே, ரிவர்ப் பெடல்கள் முன்னால் வந்தால் பழைய சுரங்களின் எதிரொலியும் சேர்ந்து பொத்தானை அழுத்தும். அவை பின்னால்தான். அடாப்டரையும் பார்த்து மாட்டுங்கள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் என்பதற்காக எல்லாமே 9 வோல்ட் ஆகிவிடாது, நடுமுனை ப்ளஸ்ஸா மைனஸா என்பதும் மாறும். கருகின வாசனை எனக்குத் தெரியும்.

டிஜிட்டல் பெடல்கள் இன்று கார்டுகளையே அழகாகச் சிந்தசைசராக மாற்றுகின்றன. கார்டு வேண்டுமென்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், அனலாக் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம்.

அனலாக்கில் இன்னொரு தொல்லை, நினைவாற்றல் கிடையாது. பையில் வைத்து எடுத்தாலே ஸ்லைடர்கள் இடம் மாறியிருக்கும். அதனால் ஒரு நோட்டில் பத்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்லைடர் நின்ற இடத்தைப் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்வேன். போன மாதம் பழைய பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. கீழே "இதேதான்! இதேதான்!" என்று இரண்டு முறை எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். ஆசையாகப் பத்துப் புள்ளியையும் அப்படியே வைத்து வாசித்தேன். சாதாரணமான ஏதோ ஓர் ஒலி வந்தது. ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் தெரிந்தது, எந்தப் பிக்கப், டோன் எவ்வளவு, பிக்கா விரலா என்று ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வணக்கம்.