டெலிசியஸ் பார்ட்டி பிரிக்யூர்: ருசி எங்க இருக்கு, உப்பு எங்க குறையுது

வணக்கம் மக்களே. இன்னைக்கு டெலிசியஸ் பார்ட்டி பிரிக்யூர் பத்திப் பேசலாம். 2022 பிப்ரவரி 6ல ஆரம்பிச்சு 2023 ஜனவரி 29ல முடிஞ்சது, மொத்தம் 45 எபிசோட். பொண்ணுங்க மந்திர வீராங்கனையா மாறிச் சண்டை போடுற, டோயி அனிமேஷனோட பிரிக்யூர்ங்கிற ஜப்பானிய அனிமே வரிசையில 19ஆவது தொடர். கடைசி வில்லன் யாருங்கிறது வரைக்கும் பேசப்போறேன். அது தெரிய வேண்டாம்னா தொடரைப் பாத்துட்டு வாங்க, வீடியோ இங்கயேதான் இருக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த சீசன் சாப்பிடுறதைப் பத்தி எடுத்தது. சமைக்கிறதைப் பத்தினு நினைச்சு உக்காந்தா ஏமாந்துடுவீங்க. இதோட பலம், பலவீனம் ரெண்டும் அங்கிருந்துதான் வருது.

கதை நடக்கிற ஊர் ஒய்ஷீனா டவுன். ஜப்பான்ல ஹோட்டல் சாப்பாட்டை வா, யோ, சூனு பிரிப்பாங்க: ஜப்பானியம், மேற்கத்தியம், சீனம். இந்த ஊர்லயும் அதே மாதிரி தெருத்தெருவா பிரிச்சிருக்காங்க. முதல் மூணு பொண்ணுங்களும் அந்தக் கணக்குதான். யூயி, க்யூர் பிரஷியஸ், சோறு. கொகோனே, க்யூர் ஸ்பைசி, ரொட்டி. ரான், க்யூர் யம்யம், நூடுல்ஸ். நாலாவதா வர்ற அமானே, க்யூர் ஃபினாலே, கடைசியில வைக்கிற இனிப்பு. ஒரு முழுச் சாப்பாட்டோட வரிசை அப்படியே டீம்ல உக்காந்திருக்கு. இது நல்ல கட்டமைப்பு.

இதைவிட நல்ல யோசனை ரெசிபிப்பி. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு குட்டி தேவதை இருக்கு. அதைப் புடிச்சுட்டுப் போனா அந்தப் பதார்த்தத்தோட ருசி மாறிடும். கதை கொஞ்சம் நகர்ந்ததும் திருட்டு இன்னும் மோசமாகுது. ருசியோட சேத்து, அந்தச் சாப்பாட்டோட பின்னிக் கிடக்கிற ஞாபகமும் போயிடும். நேத்து வரைக்கும் ஆசையா சாப்பிட்ட ஒருத்தர் இன்னைக்கு அதே தட்டைப் பாத்துட்டு ஒண்ணும் தோணாம நிப்பாரு. ஒரு ஆறு வயசுக் குழந்தைக்கு 'இழப்பு'னா என்னனு புரிய வைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியல. இடிஞ்சு விழுற கட்டடம் எதுவும் வேண்டியதில்ல, ஒரு தட்டு போதும்.

வில்லன் கூட்டத்தோட பேரு புந்தோரு. ஜப்பானிய மொழியில அந்த வார்த்தைக்குப் பறிச்சுக்கிறதுனு அர்த்தம். சமையல் பாத்திரத்துல இருந்து கிளம்பி வர்ற அரக்கன் பேரு உபாவுஸோ, 'பறிப்பேன்'னு அர்த்தம். தலைவன் கோடாட்ஸு, கோடாட்ஸுனாலே கொள்ளை. ஜென்ட்லு (ஜப்பானிய உச்சரிப்புல ஜென்டோரு), நார்சிஸ்டோரு, செக்ரெடோருனு இந்தக் கூட்டத்து ஆளுங்க பேரோட வாலும் 'எடுத்துக்கிறது'ங்கிற தோருதான். சப்டைட்டில்ல இதெல்லாம் காணாமப் போயிடும், அதனால சொல்றேன். எதிர்ல நிக்கிற பொண்ணுங்க பகிர்ந்து சாப்பிடுறவங்க, இவங்க பறிக்கிறவங்க. பேர்லயே கதை முடிஞ்சுது.

அடுத்து சண்டை. யூயியோட அடிக்குப் பேரு 500 கிலோகலோரி பஞ்ச். அப்புறம் 1000, அதுக்கப்புறம் 2000னு ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஜப்பான்ல ஒரு கோனு ஒரு அரிசி அளவை இருக்கு, 180 மில்லி. அரிசியா எடை போட்டா 150 கிராம். வெந்ததும் கிட்டத்தட்ட 330 கிராம் சோறு. 100 கிராம் சோத்துக்கு 156 கிலோகலோரினு வச்சா 515 வருது. ஒரு கோ அரிசிச் சோறு, அதாவது மூணு ஓனிகிரி (ஜப்பானியச் சோத்து உருண்டை), ஒரு குத்து. திட்டம் போட்டு வச்சாங்களோ இல்லையோ, ஒரு சோத்து வீராங்கனைக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது. 2000னா நாலு கோ, ஒரு குடும்பத்துக்கு வடிக்கிற சோறு.

ஸ்பைசி ரெண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவுல அரக்கனை அமுக்குவா. ஜெயிச்சதும் அரக்கன் 'வயிறு நிறைஞ்சுது'னு சொல்லிட்டுக் கரையும், பொண்ணுங்க சாப்பாடு முடிஞ்சதும் சொல்ற 'கொச்சிசோசமா தேஷிதா' சொல்லிக் கும்பிடுவாங்க. எதிரியை அழிக்கிறது கிடையாது, பசியாத்தி அனுப்புறது. இந்த ஒரு முடிவுக்காகவே எழுதினவங்களைப் பாராட்டணும்.

ஆனா இங்கயே ஒரு குறையும் தொடங்குது. சண்டை வந்தா, பொண்ணுங்களுக்குத் துணையா இருக்கிற ரோஸ்மேரி உடனே டெலிசியஸ் ஃபீல்டுனு ஒரு தனி வெளியை உண்டாக்கி எல்லாரையும் அங்க கொண்டு போயிடுவாரு. ஊருக்குச் சேதம் வராது, சரிதான். ஆனா அந்த வெளியில கடை இல்ல, அடுப்பு இல்ல, தெரு இல்ல. இவ்வளவு அழகா வரைஞ்ச ஊரை விட்டுட்டு வெறும் மைதானத்துல சண்டை. அரக்கனே ஒரு சமையல் பாத்திரம், அதை அடுக்களைக்குள்ள, சந்தைக்குள்ள விட்டிருந்தா சண்டை அமைப்பே வேற மாதிரி வந்திருக்கும். பின்பாதியில பார்ட்டி கேண்டில் டாக்ட்ங்கிற மந்திரக்கோல் வந்ததும் நிலைமை இன்னும் இறுகிடுது. நாலு பேரும் சேந்து ஒரே முடிவு அடி, ஒரே காட்சி, வாராவாரம். பிரிக்யூர்ல பொம்மை விக்க ஆயுதம் வந்தாகணும், பண்டாய் முக்கிய ஸ்பான்சர், அது புரியுது. ஆனா தனித்தனி அடியெல்லாம் அதுக்கடியில மூழ்கிப் போறதுதான் நஷ்டம்.

சமையல் விஷயத்துக்கு வருவோம். இதே வரிசையில 2017ல கிராகிரா பிரிக்யூர் அலாமோட் வந்துச்சு, அதுவும் சாப்பாட்டுத் தொடர்தான். அதுல குத்து, உதையையே தவிர்த்தாங்க. பதிலா விலங்கு வடிவத்துல ஒரு இனிப்பு செய்வாங்க, செய்முறையோட. ஹிமாரிங்கிற பொண்ணு 'இனிப்புனா அறிவியல்'னு சொல்லி ஏன், எதுக்குனு விளக்குவா. க்ரீமை ஏன் ஐஸ் மேல வச்சு அடிக்கணும்? சூடானா கொழுப்பு இளகிடும், உள்ள போன காத்தைப் புடிச்சு வைக்காது. முட்டைப் புட்டிங்ல ஏன் ஓட்டை விழுது? உள்சூடு 85, 90 டிகிரியைத் தாண்டினா முட்டை இறுகி, உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகித் துளை போடுது. இந்த மாதிரி 'ஏன்'னு கேக்கிற ஆர்வம் 2022 தொடர்ல ரொம்பக் கம்மி. யூயி வீடே நகோமிதேனு ஒரு சாப்பாட்டுக் கடை, ரான் வீடு பாண்டாகென்னு ராமென் கடை. ரெண்டு கடை கையில இருக்கு, ஆனா சூப் எத்தனை மணி நேரம் கொதிக்குது, நூடுல்ஸ் மாவுல காரநீர் எதுக்கு, எதுவும் தெரியாம 45 எபிசோடும் முடிஞ்சுடுது. ராமென் நூடுல்ஸுக்கு அந்த மஞ்சள் நிறமும் இழுவையும் குடுக்கிறது கான்சுயினு சொல்ற காரநீர்தான். நூடுல்ஸ் மேல பைத்தியமா இருக்கிற ஒரு பொண்ணு இதைச் சொல்லலைன்னா வேற யாரு சொல்றது?

ஆனா ரானோட பாத்திரம் அருமை. தனக்குப் புடிச்சதைப் பத்தி நிறுத்தாம பேசுவா, அது மத்தவங்களுக்கு விசித்திரமாத் தெரியுமோனு பயப்படுவா. கொகோனே வசதியான வீட்டுப் பொண்ணு, பெத்தவங்க எப்பவும் வேலையில, இவ தனியா சாப்பிட்டே பழகினவ. ஒரு சாண்ட்விச்சைப் பாதியா பிச்சு இன்னொருத்தருக்குக் குடுக்கிறதே அவளுக்குப் பெரிய தைரியம். ரெண்டு பேரும் முதல் அஞ்சு எபிசோடுக்குள்ள வீராங்கனை ஆயிடறாங்க, அந்த அஞ்சும் நெருக்கமா எழுதினவை. பின்பாதியில இவங்களுக்குக் கிடைக்கிற இடம் சுருங்கிடுது, அதுதான் வருத்தம்.

சீசனோட உச்சம் அமானே. பள்ளி மாணவர் தலைவி. நார்சிஸ்டோருவோட வசியத்துல ஜென்ட்லுவா மாறி, ரெசிபிப்பியைத் திருடினவளே அவதான். வசியம் கலைஞ்சதும் 'நான் செஞ்சது என் தப்பில்ல'னு ஒதுங்க மாட்டா. தன் கையால நடந்ததுக்குத் தானே பொறுப்புனு நிப்பா. 18ஆவது எபிசோட்ல, 'நான் பார்ஃபே ஆகணும்'னு சொல்லி க்யூர் ஃபினாலே ஆவா. கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா அர்த்தத்தைப் பாருங்க. பார்ஃபே கண்ணாடித் தம்ளர்ல அடுக்கடுக்கா வைக்கிறது. ஐஸ்கிரீம், பழம், ஜெல்லி, கார்ன்ஃப்ளேக்ஸ், எல்லா அடுக்கும் வெளியில தெரியும். எதையும் மறைக்க முடியாது, எல்லாம் சேந்தாத்தான் அது பார்ஃபே. கெட்ட காலத்தையும் ஒரு அடுக்கா ஏத்துக்கிட்ட பொண்ணுக்கு இதைவிட உவமை வேணுமா? அவ குடும்பமே ஃப்ரூட் பார்லர், அதாவது பழ இனிப்புக் கடை நடத்துறவங்கங்கிறதால இது வலிஞ்சு ஒட்ட வச்ச மாதிரியும் தெரியாது.

இந்த உச்சம் வர ஜூலை ஆயிடுச்சு. காரணம் கதைக்கு வெளியில இருக்கு. 2022 மார்ச் 6ல டோயி அனிமேஷனோட கணினி வலையமைப்புக்குள்ள யாரோ அத்துமீறி நுழைஞ்சாங்க. தயாரிப்பு முடங்கிப் போச்சு. அஞ்சாவது எபிசோடுக்கு அப்புறம் புது எபிசோட் ஏப்ரல் 17லதான் வந்துச்சு. அடுத்த பிப்ரவரியில அடுத்த தொடர் தொடங்கியே ஆகணும், முடிக்கிற தேதியைத் தள்ள முடியாது. வழக்கமா 48, 49 எபிசோட் ஓடுற இடத்துல 45தான் கிடைச்சுது. கடைசிப் பகுதி ஏன் அவசரமா ஓடுதுனு கேக்கிறவங்க இதையும் கணக்குல வச்சுக்கணும். ஆனா எல்லாப் பழியையும் இது மேல போட முடியாது. நடுவுல சும்மா நகர்ற எபிசோட் ஏழெட்டு இருக்கு, அந்த இடத்தை முடிவுக்குக் குடுத்திருக்கலாம்.

ஏன்னா முடிவுக்கு இடம் தேவைப்பட்டுச்சு. கோடாட்ஸு யாருனு பாத்தா ஃபென்னல், ரோஸ்மேரி வந்த குக்கிங்டம்ங்கிற சமையல் ராஜ்யத்தோட காவலர் தலைவர். குரு ஜிஞ்சர் தன்னைவிட இன்னொரு சிஷ்யன் சின்னமன் மேலதான் நம்பிக்கை வச்சாருங்கிற பொறாமை. நல்ல காரணம், மனுஷத்தனமான காரணம். ஆனா அந்தக் குரு, சிஷ்யன் உறவை நமக்கு முன்னாடியே காட்டி வைக்கல. முகமூடி கழண்டதும் ரெண்டு மூணு எபிசோடுக்குள்ள பொறாமையையும் சொல்லி, வருத்தத்தையும் சொல்லி முடிக்கிறாங்க. ஊறப்போடாம அரைச்ச மாவு மாதிரி, பொங்கி வர நேரமே குடுக்கல.

யூயியோட சின்ன வயசு நண்பன் தகுமி, சண்டையில பிளாக் பெப்பர்ங்கிற பேர்ல வர்றவன், சின்னமனோட பையன். யூயி மேல அவனுக்கு இருக்கிற விருப்பம் பாக்கிற எல்லாருக்கும் தெரியும், யூயிக்கு மட்டும் தெரியாது. ஒரு வருஷம் இழுத்துட்டு அதுக்கு நிறைவான முடிவு குடுக்கல. சண்டைக்கு நடுவுல வந்து உதவிட்டுப் போற ஆளாவே ரொம்ப நாள் நின்னுட்டான்.

யூயியைப் பத்தியும் ஒளிக்காம சொல்லணும். அன்பான பொண்ணு, பசி எடுத்தா 'ஹராபெகொத்தா'னு அவ கத்துற கத்துக்கு நாமளும் சிரிப்போம். ஆனா சிக்கல் எது வந்தாலும் பாட்டி சொன்ன ஒரு வாக்கியம் கையில இருக்கு, பிரச்சனை அங்கயே தீர்ந்துடுது. தப்பு பண்ணாத, குழம்பாத நாயகியா முக்கால்வாசி தொடர் ஓடுது. அவ தடுமாறத் தொடங்குற இடம்தான் சுவாரஸ்யம், அது தாமதமா வருது.

ரோஸ்மேரிக்கு ஒரு தனிப் பாராட்டு. ஆம்பள, பேச்சும் நடையும் பெண் சாயல். அதை வச்சு ஒரு கிண்டல்கூட இல்ல. பொண்ணுங்களுக்கு நம்பிக்கையான பெரியவரா, பயப்படவும் தெரிஞ்சவரா எழுதியிருக்காங்க.

முழுசா பாக்க நேரமில்லைன்னா 1லேர்ந்து 5 வரைக்கும் பாருங்க. அப்புறம் 14லேர்ந்து 18 வரைக்கும், அமானே கதைக்காக. அதுக்கப்புறம் 40லேர்ந்து கடைசி வரைக்கும். நடுவுல விட்டதுக்குப் பெரிய நஷ்டம் இல்ல.

தொடர் சொல்லிக் குடுக்காத ஓனிகிரியை நான் சொல்லிடறேன், குழந்தைங்களோட முதல் எபிசோட் பாக்கும்போது கையில இருக்கட்டும். ஜப்பானியக் குட்டை அரிசி 150 கிராம், மூணுக்கு வரும். கழுவி அரை மணி நேரம் ஊறவச்சு, 200 மில்லி தண்ணியில வேகவச்சு, அடுப்பை அணைச்சு 10 நிமிஷம் மூடியே விடுங்க. பொன்னியும் பாஸ்மதியும் ஒட்டாது, அதுல அமைலோஸ் அதிகம், பிடிச்சாலும் உதிர்ந்துடும். கையை லேசா நனைச்சு, ஒரு உருண்டைக்கு ஒரு கிராம் உப்பு உள்ளங்கையில தேச்சு, கை தாங்குற சூட்டுல சோத்தை எடுங்க. ஆறிட்டா ஒட்டாது, கையில தண்ணி அதிகமானா மேல கொழகொழன்னு ஆயிடும். மூணு நாலு தடவை திருப்பித் திருப்பி அமுக்கினா போதும், வெளியில பிடிப்பா, உள்ள பொலபொலன்னு இருக்கணும். இறுக்கிப் பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி ஆயிடும். கடற்பாசித் தாளைச் சாப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சுத்துங்க, இல்லைன்னா நமத்துடும். ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, சோறு கல்லாயிடும். அன்னைக்கே சாப்பிட்டு முடிச்சிடுங்க.