சிலிகான் இம்ப்ளான்ட்டும் தன்னுடல் தாக்கு நோயும்: எண்ணிய விதம்

நேயர்களுக்கு வணக்கம். மார்பகத்தில் சிலிகான் இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ், முடக்குவாதம், தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா போன்ற இணைப்புத்திசு நோய்கள் வருமா? இந்த அச்சமும் சேர்ந்துதான் 1992-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஜெல் இம்ப்ளான்ட்டை அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. 2006-இல் மீண்டும் அனுமதித்தது.

ஆய்வுகள் ஆளுக்கொரு பதில் சொல்வதுபோலத் தோன்றும். எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள். 1994-இல் மேயோ கிளினிக் ஆய்வு, இம்ப்ளான்ட் வைத்த 749 பேரையும் வைக்காத 1,498 பேரையும் மருத்துவப் பதிவேடுகளில் தேடியது. நோய் கண்டவர்கள் முதல் குழுவில் 5, அடுத்ததில் 10. விகிதம் ஏறக்குறைய சமம். ஆனால் ஐந்து பேரை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்? ஆபத்து இரு மடங்காகியிருந்தாலும் இந்த வலையில் நழுவியிருக்கும்.

1996-இல் ஏறத்தாழ 4 லட்சம் பெண் சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்ட ஆய்வில் ஆபத்து 24 சதவீதம் கூடுதலாக வந்தது. வலை பெரிது; ஆனால் நோய் இருப்பதாகச் சொன்னது அந்தப் பெண்களேதான். மூட்டுத் தேய்மானத்தையும் முடக்குவாதம் என்று எழுதிவிடுவது சகஜம். ஆகவே பெரிய ஆபத்து இல்லை என்பது ஓரளவு உறுதி. சிறிய ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் இம்ப்ளான்ட் வைக்கும் அதே வயதில். தற்செயலாகவே இரண்டும் ஒருவரிடம் சேரும்.

சோர்வு, மூட்டுவலி, மறதி என்று வருபவருக்கு உடனே ஏஎன்ஏ (தன் செல்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும்) ரத்தப் பரிசோதனை எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தநீரை 40 மடங்கு நீர்க்கவைத்துப் பார்க்கும் 1:40 அளவில் ஆரோக்கியமானவர்களிலேயே நான்கில் ஒருவருக்கு அது பாசிட்டிவாக வரும். காலையில் அரைமணிக்கு மேல் விறைக்கும் வீங்கிய மூட்டு, குளிரில் வெளுக்கும் விரல், வறண்ட கண், சிறுநீரில் புரதம் இவை உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இம்ப்ளான்ட்டை எடுத்தபின் சோர்வும் வலியும் குறைந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் லூபஸ் என்று உறுதியானவருக்கு அகற்றுவது மருந்துக்கு மாற்றாகாது. ஜெல் உறை சத்தமில்லாமல் கிழியக்கூடும் என்பதால், வைத்த 5 அல்லது 6 ஆண்டில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.